காப்பீடும் கருணையும்

ஓசூர்ச் சந்திரசூடேசுவரர் மலையைச் சூழ்ந்த தொழிற்சாலைகளில் உழைப்பார்க்கு நோய்க்கெனப் பொருள் சேமித்தல் அறிவுடைமையேயாம். ஆயின் தனியார் காப்பீடு முதியோரிடத்தும் பிணியாளரிடத்தும் மிகுதியாகக் கட்டணங் கொள்ளும். ‘இடர் மிக்கார் மிகுதி தருதல் முறையன்றோ?’ எனின், தானே தேடிய இடர்க்கு அது பொருந்தும். மூப்பொடும் பிறப்பொடும் வந்த பிணிக்குப் பொருந்துமாறு யாங்ஙனம்?

‘அஃது அவரவர் வினைப்பயன்’ என்பாரும் உளர். திருச்செங்கோட்டில் உடன்வந்த அடியாரைக் குளிர்சுரம் பற்றிய ஞான்று, திருஞானசம்பந்தர் வினையென்று வாளாவிருந்தாரல்லர். அனைவர்க்கும் அது நீங்கப் பதிகம் ஓதியருளினார்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு இந்நெறிக்கு அணித்து. 2019இல் ஊதியத்தின் நூற்றுக்குத் தொழிலாளி 0.75, முதலாளி 3.25 தருமாறு வகுக்கப்பட்டது. கொடுப்பது ஊதியத்தளவு, மருத்துவம் பெறுவது நோயளவு. தனியார் காப்பீடு வணிகமாதலிற் குற்றமன்று, அறத்தின் நிறைவுமன்று. தன்முயற்சி கருணையோடு கூடியவிடத்தே அறம் நிறையும்.