எது முதலில் உடைய வேண்டும்?

கோச்சடை என்றதும் மதுரைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது அய்யனாரும் முத்தையா சாமியும். அதே ஊரில், மேலக்கால் சாலையில், இன்று ஜே.கே. பென்னர் எனப்படும் பெல்ட் ஆலையும் இருக்கிறது. மாவு மில்லில் மோட்டாரின் ஓட்டத்தை இயந்திரத்துக்குக் கடத்துகிற வி-பெல்ட்டுக்குப் பேர் போன நிறுவனம்.

ஆயுத பூஜையன்று பட்டறைகளில் லேத்துக்குச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். வாசலில் பூசணிக்காய் உடைபடும். கணக்குப் போட்டுச் செய்த இயந்திரத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று பாலிடெக்னிக் மாணவன் கேட்பான். நியாயமான கேள்விதான். பதிலில் பாதி அவன் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

இயந்திர வடிவமைப்பில் ஆரம்பத்திலேயே வருவது ‘ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி’. ஷாஃப்ட் தாங்க வேண்டிய சுமையைக் கணக்கிட்டபின், அதைப்போல் இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ தாங்கும்படி அமைப்பார்கள். எஃகுக்குள் கண்ணுக்குப் படாத கீறல் இருக்கலாம்; ஆபரேட்டர் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றலாம். யார் கண்டது? தனக்குத் தெரியாததும் உண்டு என்று பொறியாளர் எண்ணாலேயே ஒப்புக்கொள்ளும் இடம் அது. சாமி கும்பிடுகிறவரும் ஒப்புக்கொள்வது அதைத்தானே!

வி-பெல்ட் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஏ வகை பெல்ட்டுக்கு மேல் அகலம் 13 மி.மீ., தடிமன் 8 மி.மீ. புல்லியின் பள்ளத்தில் அது அடியைத் தொடக் கூடாது. இரு பக்கச் சுவர்களிலும் ஆப்பாக இறுக வேண்டும். பள்ளத்தின் கோணம் 38 பாகை என்றால், தட்டை பெல்ட்டோடு ஒப்பிட உராய்வு ஏறக்குறைய மூன்று மடங்கானதற்குச் சமம். தேய்ந்து அடியில் உட்கார்ந்துவிட்டால் பிடி போயிற்று. பெல்ட் கீச்சிடும், பக்கங்கள் பளபளக்கும், ரப்பர் கருகும் வாடை வரும்.

ஆனால் வழுக்குவதும் சில நேரம் அதன் தர்மம். இயந்திரம் திடீரென்று சிக்கி நின்றால் பெல்ட் வழுக்கும், மிஞ்சினால் அறுந்துபோகும். மோட்டாரும் ஷாஃப்ட்டும் தப்பும். பல்சக்கரத்துக்கு அந்த இளக்கம் கிடையாது, பல்லே உடையும். எது முதலில் கெட வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிப்பது வடிவமைப்பில் பெரிய பங்கு. மலிவானதை, சட்டென்று மாற்றக் கூடியதைப் பலிக்கு நிறுத்துகிறார்கள். உயிருக்குப் பதில் காய் என்று பூசணியை உடைப்பதிலும் இதே நியாயம்தான்.

வம்பு அதற்குப் பிறகுதான். பூசணி உடைத்தாயிற்று என்ற தைரியத்தில் பெல்ட்டை மூடும் தடுப்பான ‘கார்டை’க் கழற்றி மூலையில் சாத்திவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. விரல் போனால் ‘நேரம் சரியில்லை’ என்பார்கள். நேரத்துக்கு இதில் என்ன பங்கு? கெட வேண்டியவற்றின் வரிசையில் மனிதனின் விரலைச் சேர்த்தது யாரோ ஒருவரின் முடிவு. ஓடும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே 21ஆம் பிரிவில் எழுதி வைத்தது.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுக்கும் முன், மெயினை அணைத்துவிட்டு, கழற்றி வைத்த கார்டைத் திரும்ப மாட்டி போல்ட்டை இறுக்குங்கள்.