விசில் ஊதினால் ஹலாலாகுமா?

1986 ஜூன் 22 அன்று மெக்சிக்கோவில், இங்கிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்தில் மரடோனா கையால் தட்டிய பந்தைக் கோல் என்று ஏற்றவர் துனீசிய நடுவர் அலி பின் நாசர். அவர் கண்ணில் கை படவில்லை. கோட்டு நடுவரைப் பார்த்தார். அங்கிருந்து மறுப்பு வராததால் கோல் கொடுத்தார். இங்கிலாந்துக்காரரை விட்டால், கையை நீட்டியவரைக் குறை சொன்னோர் குறைவு, ஏச்செல்லாம் நடுவருக்கு. கல்முனை சந்தாங்கேணி மைதானத்திலும் தோற்ற கழகத்தின் கோபம் முதலில் மத்தியஸ்தர் பக்கம்தான் திரும்பும். மார்க்கச் சட்டமோ இந்தக் கணக்கை வேறு விதமாகப் போடுகிறது.

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஒரு ஹதீஸில் நபி (ஸல்) அவர்கள் தம்மையே மனித நீதிபதியாக நிறுத்திப் பேசுகிறார்கள்: வாதத்தில் வல்லவனுக்குச் சாதகமாகத் தீர்ப்பு அமைந்து, சகோதரனின் உரிமை அவன் கைக்குப் போனால், அவன் கொண்டுபோவது நெருப்பைத்தான். இதை வைத்தே, நம் கரையோர ஊர்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப், தீர்ப்பு வெளிப்படையில் செல்லுமே தவிர ஹராமை ஹலாலாக்காது என்கிறது. (நிக்காஹ், தலாக் போன்றவற்றில் இமாம் அபூ ஹனீஃபாவின் கருத்து வேறு, அந்தச் சுவையான விவாதத்தை இங்கே இழுக்கவில்லை.) நேர்மையாக முயன்று தவறிய நீதிபதிக்கும் ஒரு கூலி உண்டு என்பது இன்னொரு ஹதீஸ். இந்த அளவுகோலில் பின் நாசர் தப்பிவிடுகிறார். கோல் பலகையில் ஏறிய பிறகும் மரடோனா தப்பவில்லை, பந்தில் பட்டது எது என்பதை அவர் அறிந்திருந்தாரே.

தவறு ஒருபுறம் இருக்கட்டும், ஆளுக்கொரு நியாயம் ஆகுமா என்று கேட்கலாம். 2024 ஆகஸ்ட் 31 அன்று ஆர்சனல்–பிரைட்டன் ஆட்டத்தில், ஆட்டம் நின்றிருந்தபோது பந்தைக் காலால் லேசாகத் தட்டிவிட்ட டெக்லன் ரைஸுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை கிடைத்தது, வெளியேறினார். அதே ஆட்டத்தில் முன்னதாகப் பந்தைத் தூர உதைத்த ஜோவாவ் பெட்ரோவுக்கு ஒன்றுமில்லை. தீர்ப்பு மாறுவதே அநீதி என்று சொல்லிவிட முடியாது. ஒரு வாரிசு வழக்கில் உடன்பிறந்த சகோதரர்களுக்குப் பங்கில்லை என்று தீர்த்த உமர் (ரலி), பின்னர் அதே போன்ற வழக்கில் பங்கு கொடுத்தார்; இரண்டையும் தம் தீர்ப்பாகவே ஒப்புக்கொண்டார். அங்கே மாறியது ஆய்வு. ஒரே பிற்பகலில், ஒரே விதியில், விளக்கம் எதுவும் இல்லாமல் மாறுவதை ஆய்வு என்று எப்படிச் சொல்வது? திருடிய மக்ஸூம் குலத்துப் பெண்ணுக்காகப் பரிந்து பேசப்பட்டபோது, உயர்ந்தோரை விட்டுவிட்டு எளியோரைத் தண்டித்த சமுதாயங்கள் அழிந்ததை நபியவர்கள் நினைவூட்டினார்கள். ஆளைப் பார்த்து அட்டை எடுக்கும் நடுவருக்கு, நேர்மையாகத் தவறியவருக்குரிய அந்த ஒரு கூலியும் இல்லை. ஆனாலும் பெட்ரோ தப்பியது ரைஸின் குற்றத்தைக் கழுவாது. அவரும் பந்தைத் தட்டினார்.

நடுவரை ஏய்ப்பதும் ஆட்டத்தின் ஒரு கலைதானே, மைதானத்தை மஹ்ஷராக்க வேண்டுமா என்பார்கள். எதிரியை ஏய்ப்பது கலை. விதி அதற்கு இடம் தருகிறது. நடுவரின் கண் இரு அணியும் சேர்ந்து ஒப்படைத்த அமானிதம். அதை ஏய்க்க எந்த விதியும் இடம் தரவில்லை. 1997 மார்ச்சில் ஆர்சனலுக்கு எதிராகப் பெனால்டி கிடைத்தபோது, தன்னை யாரும் தள்ளவில்லை என்று நடுவரிடம் சொன்னவர் லிவர்பூலின் ராபி ஃபௌலர். நடுவர் மாறவில்லை. ஃபௌலரே உதைத்தார், சீமன் தடுத்தார், திரும்பி வந்த பந்தை மெக்கட்டீர் கோலாக்கினார். வேண்டுமென்றே தவறவிடவில்லை என்று ஃபௌலர் பிறகு சொன்னார். உலகம் அவரைப் பாராட்டியது. ஷாபிஈ ஃபகீஹ் ஒருவர் பாதிதான் பாராட்டியிருப்பார். தனக்குச் சேராது என்று தெரிந்த பெனால்டியை அவர் கோலுக்கு வெளியே அடித்திருக்க வேண்டும்.