மத்தியஸ்தரின் மறுபக்கம்

பிடிபடாத குற்றம் குற்றமாகுமா என்பது பழைய கேள்வி. எனக்கு அது நூல்களிலிருந்து வரவில்லை. பாடசாலைக் காலத்தில், றக்பி மைதானத்தில், ஏழாம் இலக்கச் சட்டையோடு வந்து சேர்ந்தது.

ஏழாம் இலக்க வீரரை ஓப்பன்சைட் ஃபிளாங்கர் என்பார்கள். ஸ்க்ரம்மில் மைதானம் அகன்று கிடக்கும் பக்கத்து ஓரம் அவருடையது. பந்து வெளியேறியதும் முதலில் பிரிந்து ஓடவேண்டியவரும் அவரே. எதிரணி வீரர் வீழ்த்தப்பட்ட இடத்தில் பந்தைப் பறிப்பது அவரது பிரதான வேலை.

இந்த நிலையில் ஆடப் பழகியபோது, ஓட்டத்தையும் தோள்பலத்தையும் விடக் கடினமாயிருந்தது சட்டம்தான். வீழ்த்தியவர் முதலில் பிடியை விடவேண்டும். பறிக்க வருபவர் தம் அணியின் பக்கமிருந்து வந்து, காலூன்றி நிற்கவேண்டும். இரு அணியினரும் பந்தின் மேலாக முட்டிக்கொண்டால் அது ‘ரக்’. அதன்பின் பந்தில் கைவைக்கலாகாது. முன்னரே கைவைத்தவர் மட்டும் தொடர்ந்து பறிக்கலாம். அந்த ‘முன்னர்’ சில வேளை ஒரு விநாடிகூட இராது. ஒவ்வொரு மத்தியஸ்தரும் அதை ஒவ்வொரு விதமாகக் காண்பார். ஆகவே, அன்றைய மத்தியஸ்தரை ஆரம்பத்திலேயே வாசித்துக்கொள்ளுமாறு எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்.

2011, 2015 ஆகிய இரு உலகக் கிண்ணங்களையும் நியூசிலாந்துக்கு வென்றுகொடுத்த தலைவர் ரிச்சி மெக்கோ இக்கலையில் தேர்ந்தவர். எதிரணி ரசிகர்கள் பலர் அவரை ஏமாற்றுக்காரர் என ஏசினர். ஆனால், எல்லை மங்கலான இடத்தில், மத்தியஸ்தரின் கண்முன்னே, தண்டனைக்கும் தயாராகக் கைநீட்டுவதை ஏமாற்று என்று என்னால் கொள்ள முடியவில்லை.

2002 மே மாதம் கார்டிஃபில் நடந்தது வேறு. ஐரோப்பியக் கழகங்களுக்கான ஹெய்னெகன் கிண்ண இறுதிப் போட்டி. லெஸ்டர் 15, மன்ஸ்டர் 9. கடைசி நிமிடங்களில் லெஸ்டரின் கோட்டருகே மன்ஸ்டருக்கு ஸ்க்ரம். ஒரு ட்ரையும் அதற்கான மேலதிகப் புள்ளிகளும் கிடைத்தால் 16–15. பந்தை உள்ளிட முனைந்த பீட்டர் ஸ்ட்ரிங்கரின் கையிலிருந்து, லெஸ்டரின் ஏழாம் இலக்க வீரர் நீல் பெக் அதைத் தட்டிவிட்டார். மத்தியஸ்தர் ஸ்க்ரம்மின் மறுபக்கத்தில் நின்றார். கிண்ணம் லெஸ்டருக்குப் போனது.

கண்டுபிடிப்பது மத்தியஸ்தரின் பொறுப்பு, வெல்வதே வீரரின் பொறுப்பு என வாதிடுவோர் உளர். முப்பது பேர் மோதும் ஆட்டத்தில் எல்லாவற்றையும் எவராலும் பார்த்துவிட முடியாது. பார்க்க முடியாத மீதி, வீரர்களை நம்பியே விடப்படுகிறது. அந்த நம்பிக்கையின்றிச் சட்டப் புத்தகம் மட்டும் ஆட்டத்தைக் காத்துவிடாது.

மங்கலான இடத்தில் கைநீட்டுபவர், ‘இது சரியா?’ என்று மத்தியஸ்தரிடம் கேட்கிறார். மறுபக்கத்தில் கைநீட்டுபவருக்குக் கேட்க எதுவுமில்லை. பதில் அவருக்கு முன்பே தெரியும். அளவைத் தராசின் முன்னும், கணக்குப் புத்தகத்தின் முன்னும் நாம் நிற்கும் இடமும் இதுதான். மத்தியஸ்தர் இப்பக்கம் நின்றிருந்தால் இந்தக் கை நீண்டிருக்குமா? ஏழாம் இலக்கம் எனக்குக் கற்றுத்தந்த உரைகல் அதுவே.