அதிர்வும் சுரணையும்

என் ஸ்கூட்டரின் எஞ்சின் புஷ்களை வீட்டு வாசலில் வைத்து நானே மாற்றினேன். மூன்று வாரமாகிறது. எழுத வேண்டியதாக எனக்குப் படுவது மாற்றியது அல்ல, மாற்றாமல் ஓட்டிய நான்கு வருஷம்.

வண்டி பஜாஜ் சேத்தக். 1972-ல் வந்து, ஜனங்கள் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. 2020-ல் அதே பெயரில் வந்த மின்சார வண்டிக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. இதில் பின்சக்கரம் நேராக எஞ்சினிலேயே மாட்டப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒரே உறுப்பாக, பாடிக்குக் குறுக்கே போகும் ஒரு நீளப் போல்ட்டில், கீலில் கதவு ஆடுவதுபோல் மேலும் கீழும் ஆடுகின்றன. போல்ட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இரு பக்கமும் ரப்பர் புஷ். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நிமிஷத்துக்கு 3000 சுற்று என்றால் விநாடிக்கு 50. அந்த ஐம்பதையும் ரோட்டுப் பள்ளங்களையும் வாங்கிக்கொள்வது அந்த ரப்பர்தான். அது இறுகி விண்டுபோனால் எல்லாம் தகரத்துக்கு வருகிறது. தகரத்திலிருந்து உட்கார்ந்திருப்பவர் முதுகுக்கு.

மனைவி சொன்னாள். முதலில், "கால் மரத்துப்போகுதுங்க." பிறகு, "வளைவுல பின்பக்கம் தனியா வருது." பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்றேன். பொய் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. பிரச்னையே இதுதான்.

அதிர்வு ஒரு நாளில் வந்ததல்ல. தினம் ஒரு நூலிழை கூடும்போது, நேற்றைய அதிர்வையே அதிர்வின்மையாக எடுத்துக்கொண்டு உடம்பு இன்றைக்கு நகர்கிறது. இதைப் பழகிவிட்டது என்கிறோம். பொறுமை, சகிப்பு என்று கௌரவமான பெயர்களும் வைத்திருக்கிறோம். ஆனால் பொறுத்துக்கொள்கிறவனுக்குத் தான் எதைப் பொறுத்துக்கொள்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாதபோது அது வெறும் மரத்துப்போதல். அதைக்கூட மன்னிக்கலாம். என் மரத்துப்போதலை அளவுகோலாக வைத்துக்கொண்டு, இன்னும் மரத்துப்போகாத ஒருத்தியின் பேச்சைத் தள்ளினேனே, அதற்கு என்ன பெயர்? (சுரணை என்ற சொல்லை விமர்சனத்தில் அதிகம் புழங்குகிறவன் நான். பிறர் கவிதையில் இரண்டாவது வரியிலேயே போலிக்குரல் எனக்குக் கேட்டுவிடும்.)

போன வருஷம் அவள் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். புகார் நின்றது. நான் நிம்மதியானேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு ஒரு வாரம் நண்பர் ஒருவரின் வண்டியை ஓட்ட நேர்ந்தது. திரும்பி வந்து என் வண்டியை எடுத்தால், தெருமுனை தாண்டுவதற்குள் கைகள் நடுங்கின. ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினேன். பக்கவாட்டில் ஆடியது, விழப்போகும் பல்லைப்போல.

பெர்சிக் 1974-ல் எழுதிய ஜென் - மோட்டார் சைக்கிள் புத்தகத்தைக் கல்லூரி நாட்களில் படித்திருக்கிறேன். தன் வண்டியைத் தானே கவனித்துக்கொள்கிறவனின் ஞானம் என்று கொண்டாடினேன். மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான், அதில் மகன் அத்தனை தூரமும் பின்னால் உட்கார்ந்து வருகிறான் என்பது உறைத்தது. முடியப்போகும் சமயத்தில்தான் எழுந்து நின்று அப்பாவின் தோளுக்கு மேலாகப் பார்க்கிறான். தரம் என்பது பற்றி அவ்வளவு யோசிக்கிறவன், முதுகுக்குப் பின்னால் இருப்பவனுக்கு என்ன தெரிகிறது என்று கேட்க அவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கிறது.

மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். ஏன் விடவில்லை என்பதற்குப் பிராயச்சித்தம் என்று பெரிய பெயர் வைக்கக் கூச்சமாக இருக்கிறது. ரிங் ஸ்பேனர், சுத்தியல், ஆக்ஸா பிளேடு, ஒரு அடி மரை போட்ட கம்பி, சில நட்டுகள், வாஷர்கள், ஒரு துண்டுக் குழாய், இவ்வளவுதான். கேபிள்களையும் பெட்ரோல் டியூபையும் கழற்றி, ஷாக் அப்சார்பரை விடுவித்து, நீளப் போல்ட்டை உருவினால் எஞ்சின் சக்கரத்தோடு வெளியே வரும். உருவினால் என்று எழுதிவிட்டேன். துருவேறிய அந்தப் போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு ஒன்றரை நாள் காத்திருந்தேன். பழைய ரப்பர் பிளேடு பட்டதும் கருப்புத் தூளாக உதிர்ந்தது. புதியதை அடித்து ஏற்றக்கூடாது, கோணிக்கொள்ளும். சோப்புத் தண்ணீர் தடவி, கம்பியை ஊடே கொடுத்து, நட்டைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருக, அது தானாக உள்ளே போகிறது.

கடைசியில் ஒரு விஷயம். வண்டி ஸ்டாண்டில் இருக்கையில் போல்ட்டை இறுக்கிவிடக்கூடாது. எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதையே ரப்பர் தன் ஓய்வுநிலையாகக் கொள்ளும். பிறகு ஆள் ஏறியதும் முறுக்கிக்கொண்டு, ஓடுகிற நேரமெல்லாம் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் நிற்க, மேலே ஆள் பாரம் இருக்கும்போது இறுக்க வேண்டும்.

மனைவியைக் கூப்பிட்டேன். பழக்கத்தில் பின் சீட்டுக்குப் போனாள். முன்னால் உட்காரச் சொன்னேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். நான் கீழே படுத்தேன்.

"இன்னும் எவ்வளவு நேரம்? பால் வச்சிருக்கேன்."

"ரெண்டு சுத்து."

"இப்ப ஆடாதா?"

"நீ ஏறிப் பார்த்துத்தான் சொல்லணும்."

இன்னும் பஸ்ஸில்தான் போகிறாள். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையே என்கிறாள்.