இடங்கொடுத்தவன் பங்கு

திருவனந்தபுரம் பாளையத்தில் சிலையாக நிற்கும் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையை அறியாத மலையாளி அரிது. ஆயினும் 1910ஆம் வருஷம் செப்டம்பர் 26ஆம் தேதி, திருவிதாங்கூர் திவான் ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தைத் தாட்சண்யமின்றிக் கண்டித்து வந்ததற்காக அவரைக் கைதுசெய்து, ஆரல்வாய்மொழி கடந்து திருநெல்வேலிச் சீமையில் விட்டுவந்த அதே ராஜசாசனம், அந்தக் கண்டனங்களை எழுதாத இன்னொருவரையும் தண்டித்தது என்பதை நினைப்பவர் சிலரே. அவர் வக்கம் அப்துல் காதர் மௌலவி. 1905இல் அஞ்சுதெங்கில் ‘சுதேசாபிமானி’ பத்திரிகையைத் தொடங்கி, சீமையிலிருந்து அச்சியந்திரம் தருவித்து, ஆசிரியரான பிள்ளையின் பேனாவுக்குக் குறுக்கே நிற்பதில்லை என்று விரதம் பூண்டிருந்த அந்த முதலாளியின் அச்சகம் பறிமுதலாயிற்று.

இடங்கொடுத்தவனுக்கு எழுதியவனுடைய பாவத்தில் பங்குண்டா? சமண ஆசாரியர்கள் வினை வந்து சேரும் வழிகளைச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்றாக வகுத்தார்கள். வெறுமனே இடங்கொடுத்தல் அதில் இல்லை. யாக்ஞவல்கிய ஸ்மிருதியோ, கள்வனுக்கும் கொலைஞனுக்கும் சோறு, தங்க இடம், நெருப்பு, தண்ணீர் முதலியவற்றைக் கொடுப்பவனுக்கு உச்சமான அபராதம் விதிக்கிறது. ஆனால் ‘அறிந்து’ கொடுப்பவனுக்கு என்று ஒரு நிபந்தனையும் வைக்கிறது. பாரம் முழுவதையும் அந்த ஒரு பதம் தாங்குகிறது.

நம் காலத்துச் சட்டமும் அங்கேதான் வந்து நிற்கிறது. பிறர் எழுதுவதைத் தாங்கி நிற்கும் இணையத்தளக்காரர்களுக்கு, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79ஆம் பிரிவில் ஒரு காப்பைத் தருகிறது. அறிந்தும் அகற்றாதவனுக்கு அது இல்லை. அறிதல் என்றால் எது? எவனோ ஒருவன் புகார் செய்தாலே போதும் என்றால், தளக்காரன் தானே நியாயாதிபதியாகி, வம்பு வேண்டாமென்று நல்லதையும் சேர்த்து அழித்துவிடுவான். ஆகையால், 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்தாலன்றி அறிந்ததாகக் கொள்ளலாகாது என்றது. 2022இல் கேரள உயர் நீதிமன்றமும், வாட்ஸ்அப் குழுவில் ஓர் அங்கத்தினர் இட்ட ஆபாசக் காட்சிக்காகக் குழுவின் அட்மினைத் தண்டிக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. ஆட்களைச் சேர்க்கவும் நீக்கவும் முடிந்தவனே ஆயினும், பிறர் நாவை முன்கூட்டியே எப்படிக் கட்டுவான்?

ராஜ்யத்துக்கு இந்த எல்லை உகந்ததே. மனசாட்சிக்கு அது போதாது. ஒரு பெண்ணை அவமானப்படுத்தும் படத்தைக் கண்ணாரக் கண்ட பின்னும், ஆணை வரட்டும் என்று காத்திருப்பவனுடைய மௌனம் உடன்படுதலன்றி வேறென்ன? மௌலவியும் அறிந்தவர், உடன்பட்டவர். ஆனால் தமக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லி அச்சகத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர் முயன்றாரில்லை. அது புண்ணியமென்றால் புண்ணியத்திலும், பாவமென்றால் பாவத்திலும் தம் பங்கை ஏற்றுக்கொண்டார்.

இன்றைய பெரிய கம்பெனிகளின் நிலை வேறு. எது எவன் கண்ணில் படவேண்டும், எதைப் பார்த்தவன் அடுத்து எதைப் பார்க்கவேண்டும் என்பதை அவர்களுடைய கணிதமே நிர்ணயிக்கிறது. நிந்தை பரவினால் விளம்பர வருமானமும் பரவுகிறது. இப்படிப் பொறுக்கி எடுத்து முன்னே தள்ளுகிறவனை இடங்கொடுத்தவன் என்று அழைப்பது உபசார வழக்கு. சமணருடைய கணக்கில் அவன் பெயர் இரண்டாம் பத்தியில், செய்வித்தவர்களோடு இருக்கும். நம்முடைய 79ஆம் பிரிவோ, அவனையும் சாதாரணத் தளக்காரனையும் இன்னும் ஒரே குடையின் கீழ் நிறுத்தி வைத்திருக்கிறது.