விட்ட பின்னும் நடுங்கும் கை

குடியை விட்டுவிட்டேன் என்று ஒருவர் சொல்லும்போது அதை நாம் ஒரு முடிவாகவே கொள்கிறோம். துன்பம் தீர்ந்தது, குடும்பம் பிழைத்தது, இனி எல்லாம் நலமே என்று மகிழ்கிறோம். ஆயின் விட்டவருடைய உடல் அவ்வாறு எண்ணுவதில்லை. ஒப்புரவு அருட்சாதனம் பெற்று, ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வரும் அவருக்கு மூன்றாம் வாரத்திலும் இரவில் உறக்கம் வருவதில்லை. காபிக் குவளையை ஏந்தும் கை இலேசாக நடுங்குகிறது. உள்ளங்கால் எரிகிறது. காரணமின்றிச் சினம் மூள்கிறது. குடித்த நாட்களிலேயே நன்றாக உறங்கினேனே என்னும் எண்ணம் அவருக்குள் எழுகிறது. அந்த நடுக்கத்தைக் காணும் இல்லத்தாருக்கோ, மறைவாகக் குடிக்கிறாரோ என்னும் ஐயம் எழுகிறது.

இங்கே ஓர் அறக்கேள்வி பிறக்கிறது. உள்ளம் மனந்திரும்பிய பின்னும் உடல் பழைய நிலையிலேயே தவிக்குமாயின், அந்தத் தவிப்பை எதற்குச் சான்றாகக் கொள்வது? மனமாற்றம் மெய்யானதன்று என்பதற்கா? மன்னித்த இறைவன் இன்னும் தண்டித்துக்கொண்டிருக்கிறார் என்பதற்கா?

விடை காணுமுன் உடலில் நடப்பது என்ன என்பதை அறிந்துகொள்வது நலம். மது மூளையின் இயக்கத்தை மந்தப்படுத்தும் பொருள். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் அது உள்ளே சென்றால், மூளை அதற்கு ஈடுகொடுக்கும் வண்ணம் தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. தன்னைத் தானே அமைதிப்படுத்தும் ஆற்றலைக் குறைத்துக்கொள்கிறது. மேட்டில் பாரவண்டி இழுக்கும் காளை, தன் முழு வலிமையோடு முன்சாய்ந்து நிற்கும். பாரம் சட்டென்று கழன்றுவிட்டால் அது தடுமாறி முன்னே விழும். மது திடீரென நின்றுபோன மூளையின் நிலையும் அத்தகையதே. கடைசியாகக் குடித்த 6 மணி முதல் 24 மணி நேரத்திற்குள் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல், அச்சம் ஆகியவை தொடங்குகின்றன. சிலருக்கு முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வருவதுண்டு. வேறு சிலருக்கு 2 முதல் 4 நாட்களுக்குள் காய்ச்சலும் பிதற்றலும் கண்டு, இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்நிலை, உரிய மருத்துவம் கிடைக்காவிடில் உயிரையே பறிக்கக்கூடியது.

இதை நம் மக்கள் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில் திருநீற்றுப் புதன் அன்று குடியை நிறுத்துவது நம்மிடையே பலர் கடைப்பிடிக்கும் வழக்கம். அந்த நோன்பின் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆயினும் காலை எழுந்தவுடன் குடித்தால்தான் கைநடுக்கம் நிற்கும் என்னும் நிலையை அடைந்துவிட்டவர், எவர் துணையுமின்றி ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்தானது. வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை வரும் முன்னரே அவர் வலிப்பு கண்டு விழக்கூடும். அத்தகையவர் மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்துவதே முறை. மருந்து உண்டால் நேர்ச்சையின் புண்ணியம் குறையும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மருத்துவரைப் படைத்தவரும், மண்ணிலிருந்து மருந்தைத் தோற்றுவித்தவரும் ஆண்டவரே எனச் சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது.

இந்த உண்மையைச் செயலில் காட்டியவர் ஒரு துறவியே. 1939ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் புனித தாமஸ் மருத்துவமனையில் பணியாற்றிய அருட்சகோதரி இக்னேஷியா, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தை 1935இல் தொடங்கிய இருவருள் ஒருவரான மருத்துவர் பாப் ஸ்மித்துடன் இணைந்து, குடிநோயாளிகளை மருத்துவமனையில் சேர்க்கத் தொடங்கினார். குடிப்பவருக்குப் படுக்கை தர மருத்துவமனைகள் தயங்கிய காலம் அது. முதலில் சேர்க்கப்பட்டவருக்கு இரைப்பை அழற்சி என்றே பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது. செபிக்கத் தெரிந்த அந்தச் சகோதரி, நடுங்கும் உடலுக்கு முதலில் வேண்டியது ஒரு படுக்கை என்பதையும் அறிந்திருந்தார்.

கடும் தொல்லைகள் பெரும்பாலோருக்கு ஏறத்தாழ ஒரு வாரத்தில் அடங்கிவிடுகின்றன. அதற்குப் பிறகு எஞ்சி நிற்பவையே பலரால் புரிந்துகொள்ளப்படாதவை. சீரான உறக்கம் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். எதிலும் சுவையற்ற மனச்சோர்வும், எளிதில் மூளும் எரிச்சலும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கின்றன. தயமின் என்னும் வைட்டமின் பி1 குறைவாலும் மதுவின் நேரடித் தாக்கத்தாலும் பழுதுபட்ட கால் நரம்புகள் மிக மெதுவாகவே தேறுகின்றன. சிலருக்கு முழுமையாகத் தேறுவதில்லை. மதுவால் பருத்துப்போன சிவப்பணுக்கள் மாறுவதற்கும் காலம் வேண்டும்; ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் அன்றோ! இன்னொரு பக்கம், கல்லீரலில் படிந்த கொழுப்பு, குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே கரையத் தொடங்குகிறது. ஆக, உடல் தன் வேகத்தில் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது. நடுக்கமும் உறக்கமின்மையும் அந்தப் பயணத்தின் வலிகள். அவற்றுள் நீடிப்பவற்றையும் கடுமையாகுபவற்றையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி நம் கேள்விக்கு வருவோம். அருட்சாதன மன்னிப்பு பாவத்தை அகற்றுகிறது. ஆயினும் பாவம் விளைவித்த எல்லாச் சீர்கேடுகளையும் அது சரிசெய்துவிடுவதில்லை என்று 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எண் 1459இல் தெளிவுபடுத்துகிறது. எழுந்து நிற்பவர் தம் முழு நலத்தை இனித்தான் மீட்டுக்கொள்ள வேண்டும். இதைத் தண்டனை எனக் கொள்வது பிழை. பிறர் வயலில் மாட்டை மேயவிட்டவன் மன்னிப்புக் கேட்கிறான். வயலுக்குரியவரும் மனமார மன்னிக்கிறார். அதனால் மேய்ந்த பயிர் அன்றே தழைத்துவிடுமா? பயிர் தழைக்க ஒரு பருவம் வேண்டும். மன்னிப்புப் பொய் என்பதன்று அதன் பொருள். பயிரின் இயல்பு அது.

குடியை நோய் என்று சொல்லிவிட்டால் குடித்தவரின் பொறுப்பு நீங்கிவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. நோயின் பிடி இறுகியபின் மனிதரின் விருப்புரிமை வெகுவாகச் சுருங்கிப்போகிறது என்பது மெய். ஆனால் உதவியை நாடவும், மருந்தை உண்ணவும், பழைய கூட்டத்தைத் தவிர்க்கவும் எஞ்சியிருக்கும் உரிமை சிறிதாயினும் உண்மையானது. அந்தச் சிறு உரிமையை அன்றாடம் பயன்படுத்துவதே அவருடைய பொறுப்பு. உறங்காத ஓர் இரவை மதுவின்றிக் கழிப்பது, பிறர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரும் தவம்.

மறுபுறம் இல்லத்தாரின் ஐயத்தை நாம் எளிதாகக் கண்டித்துவிடலாகாது. பல ஆண்டுகள் பொய்யான வாக்குறுதிகளைக் கேட்ட மனைவி அவர். தாலிக்கொடி அடகுக்குப் போனதைக் கண்டவர். மாலையில் வெளிவாசல் கதவு ஓசையிட்டவுடன் நூலை மூடிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பிள்ளைகள், தந்தை குடியை விட்ட பின்னும் அந்த ஓசைக்குத் திடுக்கிடுகிறார்கள். அவர் கை நடுங்குவது போலவே இவர்கள் நெஞ்சும் நடுங்குகிறது. குடி நின்ற பின்னும் நீடிக்கும் துன்பம் குடித்தவரின் உடலில் மட்டும் இல்லை. அவரோடு வாழ்ந்த எல்லாருடைய உடலிலும் இருக்கிறது. மனைவி தம் கணவரை முழுமனத்தோடு மன்னித்திருக்கலாம். ஆயினும் நம்பிக்கை, பழுதுபட்ட நரம்பைப் போலவே, மெல்ல மெல்லத்தான் உயிர்பெறும். ஆகவே, மன்னித்தாயானால் ஏன் நம்பவில்லை என்று கணவர் கேட்பதும், திருந்தினீரானால் ஏன் நடுங்குகிறீர் என்று மனைவி கேட்பதும் ஒரே வகையான பிழையே. இருவரும் மற்றவரின் உடலிடம் அது இன்னும் தர இயலாத ஒன்றைக் கேட்கிறார்கள்.

மாற்கு நற்செய்தி 8ஆம் அதிகாரத்தில் பெத்சாய்தா ஊர்ப் பார்வையற்றவரைக் காண்கிறோம். இயேசு அவரைக் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் செல்கிறார். அவரைத் தொட்டபின், ஏதாவது தெரிகிறதா என்று வினவுகிறார். மனிதர்கள் நடமாடும் மரங்களைப்போலத் தெரிகின்றனர் என அவர் ஒளிக்காமல் சொல்கிறார். உன் நம்பிக்கை குறைவானது என்று இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை; தம் வல்லமைக்கு இழுக்கு நேர்ந்ததாகவும் கருதவில்லை. மீண்டும் ஒருமுறை தொடுகிறார். ஒரு சொல்லால் நலம் தர வல்லவர் இங்கே இருமுறை தொட்டுக் குணமாக்குகிறார். பாதி தெளிந்த நிலையும் அவருடைய கைக்குள் நிகழும் நிலையே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? நலமடைந்தவரை அந்த ஊருக்குள் நுழைய வேண்டாம் என்று சொல்லியனுப்புவதும் கருதத்தக்கது.

ஏதாவது தெரிகிறதா என்னும் அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. நம் இல்லங்களிலும் அன்பியங்களிலும் அத்தகைய கேள்வி வேண்டும். குடித்தீரா என்று மோப்பம் பிடிப்பதை விட்டு, இரவு உறங்க முடிந்ததா என்று கேட்கலாம். கேட்கப்பட்டவரும், இல்லை, உறக்கம் வரவில்லை, ஆசை வந்தது, ஆனால் குடிக்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லலாம். அந்த உண்மைப் பேச்சில்தான் இழந்த நம்பிக்கையின் முதல் தளிர் அரும்புகிறது.

அயர்லாந்தின் டப்ளின் நகரத் தொழிலாளியான மாட் டால்பட், சிறுவயதிலேயே குடியில் சிக்கியவர். 1884ஆம் ஆண்டு, தமது 28ஆம் வயதில், குடிப்பதில்லை என வாக்களித்தார். அந்த முதல் வாக்கு மூன்றே மாதங்களுக்கு உரியது. அதன் பின்னரே அதை நீட்டித்து, வாழ்நாள் முழுமைக்கும் ஆக்கிக்கொண்டார். 1925ஆம் ஆண்டு திருப்பலிக்குச் செல்லும் வழியில் இறக்கும்வரை, 41 ஆண்டுகள் அவர் மீண்டும் குடிக்கவில்லை. 1975இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். அந்த 41 ஆண்டுகளின் தொடக்கத்தில் இருந்தது மூன்று மாதங்களுக்கான சிறு வாக்கு என்பது, இன்று நடுங்கும் கையோடு இருப்பவருக்கு ஆறுதல் தரும்.

அடுத்த திருமண விருந்திலோ திருவிழா நாளிலோ, இன்று ஒரு நாள் மட்டும் என்று அவரிடம் குவளையை நீட்டாதிருப்பது நம் கடமை. நற்கருணை பெற வரிசையில் வரும் அவர் கை நடுங்கினால், அதைக் கண்டு நமக்குள் முணுமுணுக்காதிருப்பதும் நம் கடமை. அந்தக் கை பழைய குடிக்குச் சான்று சொல்லவில்லை. குடியை விட்டு அவர் எவ்வளவு தொலைவு வந்துவிட்டார் என்பதையே அது சொல்கிறது.