உலகத் தோற்றமும் சைவாசிரியர் கடனும்

சைவாசிரியர்காள்,

சமய பாடத்திலே சிவபெருமான் உலகைப் படைத்தருளினார் என்று கற்பிக்கின்றோம். அதே மாணாக்கர் விஞ்ஞான பாடத்திலே, பூமியின் வயது ஏறக்குறைய 450 கோடி ஆண்டு என்றும், உயிர்களின் உடம்புகள் படிப்படியாகத் திரிந்து வந்தன என்றும் கேட்கின்றனர். இவ்விரண்டில் மெய் யாது என அவர் வினவுங்கால் நாம் கூறும் விடை என்னை? விஞ்ஞானம் பொய்யென்போமாயின், வளர்ந்தபின் அவர் நம்மையும் சமயத்தையும் ஒருங்கே இகழ்வர். வாளா இருப்போமாயின், சமயம் வினாவுக்கு அஞ்சுவதென்று கொள்வர்.

இவ்வழக்கு மேனாட்டில் எழுந்தது. அயர்லாந்து தேசத்துப் பேராயர் அஷர் என்பார் விவிலிய வமிசாவளிகளைக் கணக்கிட்டு, உலகம் கி. மு. 4004 இற் படைக்கப்பட்டதென 1650 இல் எழுதினார். 1859 இல் டார்வினது நூல் வெளிவந்தபின் பூசல் முற்றிற்று. 1925 இல் அமெரிக்காவின் டெனசி மாகாணத்திலே, மனிதவுடம்பின் பரிணாமத்தைக் கற்பித்தமைக்காக ஓராசிரியர் நீதிமன்றிலே நிறுத்தப்பட்டு, 100 டாலர் தண்டம் விதிக்கப்பெற்றார்.

அப்பூசலை நாம் கடன்வாங்க வேண்டுவதில்லை. இல்லதினின்று உள்ளது தோன்றும் என்பது சித்தாந்தத்தின் கொள்கையன்று; உள்ளதே தோன்றும் என்னும் சற்காரியவாதமே அதன் கொள்கை. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். அவ்வாறே உலகுக்கு மாயை முதற்காரணமும், சத்தி துணைக்காரணமும், சிவன் நிமித்தகாரணனும் ஆவர். மண் எவ்வளவு காலத்திற் குழைந்தது, சக்கரம் எத்துணை முறை சுழன்றது என்று அளந்தறிவது விஞ்ஞானம். வனைந்தவன் உளனோ, வனைந்தது யார்பொருட்டு என்று வினவுவது சித்தாந்தம். ஆன்மாக்களின் மலம் பரிபாகமுறுதற்பொருட்டே தநு கரண புவன போகங்கள் அளிக்கப்பட்டன என்பது அது கூறும் விடை. உடம்புகள் கோடிக்கணக்கான ஆண்டுகளிற் படிப்படியாகத் திரிந்து வந்தனவெனினும் அவ்விடை குன்றாது.

இனி, மற்றொரு பிழைக்கும் நாம் அஞ்சல்வேண்டும். புராணங் கூறும் கற்பம் 432 கோடி ஆண்டு. ஆதலின் இன்றைய விஞ்ஞானத்தை முன்னோர் அன்றே கண்டனர் எனப் பெருமை பேசுவாருளர். பிரபஞ்சம் விரிகின்றது என்னும் கொள்கையை 1927 இல் வெளியிட்ட லெமேத்தர் ஒரு கத்தோலிக்க குரு. அவர் ஆராய்ச்சிவழி வந்த கொள்கை படைப்புக்குச் சான்று பகர்கின்றதெனப் பாப்பரசர் 1951 இற் பேசியபொழுது, அவர் அதனை விரும்பினாரல்லர். சமயத்தை விஞ்ஞானக் கணக்கின்மேற் கட்டின், கணக்குத் திருந்தும்பொழுது சமயமும் உடன் சாயும்.

மொழியின் தோற்றத்துக்கும் இஃதொக்கும். தமருகத்தினின்று பாணினிக்குப் 14 சூத்திரங்கள் கிடைத்தன என்பதும், அகத்தியருக்கு இறைவன் தமிழை அருளினார் என்பதும் அன்பாற் போற்றற்குரியன. வாக்கு நான்கெனச் சித்தாந்தம் வகுத்ததும் ஆன்மாவின்கண் அறிவு விளங்குமாற்றை உணர்த்துதற்பொருட்டேயாம். எம்மொழிக்கு எம்மொழி இனம் என்பது ஆராய்ச்சியாற் காணற்பாலது. தென்மொழிகள் வடமொழியின் வழிவந்தன அல்ல என 1816 இல் எல்லிஸ் காட்டினார்; 1856 இற் கால்டுவெல் விரித்து நிறுவினார். தேவமொழியே எல்லாவற்றிற்குந் தாய் என்று அமைந்திருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது. அங்ஙனமாக, உலகமொழிகளெல்லாம் தமிழின் சேய்கள் என்று நாம் சான்றின்றிப் போதித்தல் முறையாமோ?

ஆதலின் வினவும் மாணாக்கனை அதட்டாதிருப்போமாக. விஞ்ஞானத்தைச் செவ்வனே கற்பிப்போமாக. சித்தாந்தத்தை அதனினும் ஆழ்ந்து கற்போமாக. மெய்யை நாடும் வினா எதுவும் சிவனுக்குப் பகையன்று.

திருச்சிற்றம்பலம்.